இரண்டாம் நாள் வழி

சுகந்திக்கு அப்பா எழுதுவது. சாப்பிட்டாயா, அங்கே மழை எப்படி என்பதையெல்லாம் உன் அம்மா காலையிலேயே போனில் கேட்டு முடித்திருப்பாள். அதனால் நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலையில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நீ கிளம்பப்போகிற மூன்று நாள் சைக்கிள் பயணத்தில், ‘அப்பா போன பாதை’ என்று நீ பெயர் வைத்திருக்கிற இரண்டாம் நாள் வழியில் நான் போனதே இல்லை. இருபத்து நாலு வயதில் என் மில் கூட்டாளி சுப்பராஜாவும் நானும் சைக்கிளில் கண்மாய் கண்மாயாகச் சுற்றினோம், மறுகால் பாய்கிற கலுங்கைத் தாண்டினோம், பிளவக்கல் அணையைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்தேனே, அது பொய். இதை எழுதி முடிக்கவே எனக்குக் கை ஓடவில்லை. மில்லில் முப்பத்தைந்து வருடம் மிஷினுக்குள் கைவிட்டு வேலை பார்த்த கை இது.

ஞாயிற்றுக்கிழமை நீ திட்டத்தைப் போனில் அனுப்பினாய். அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரியாதென்று உன் அம்மா ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஒன்பது பக்கம் கலரில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த பெருமை தாங்கவில்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நாற்காலியைப் போட்டுச் சத்தமாக வாசித்தாள். முதல் நாள் ராஜபாளையத்தில் கிளம்பி, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் பார்த்து, மாந்தோப்புகளை ஒட்டிச் செண்பகத்தோப்பு. இரண்டாம் நாள் மலையடிவாரக் கண்மாய்க் கரைகள் வழியாகவே கூமாப்பட்டி, அங்கிருந்து அணை. மூன்றாம் நாள் வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாக வீடு திரும்புவது. எந்த இடத்தில் டீ கிடைக்கும், எந்த இடத்தில் பஞ்சர் ஒட்டலாம், எத்தனை மணிக்கு வெயில் மலை மேல் விழும், எந்தக் கரையில் நின்றால் தண்ணீருக்குள் மலை தெரியும் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாய். நான் மெயின்டனன்ஸில் இருந்தபோது ஒரு மிஷினைப் பிரிக்கக்கூட இவ்வளவு யோசித்ததில்லை. என் மகள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உன் அம்மா அந்தப் பக்கத்துக்கு வந்தாள். உன்னோடு வருகிற கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்று நீ விளக்கி எழுதியிருந்தாய்: “கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுகாலாக வழிந்து போவதற்காகக் கரையின் நடுவே கட்டியிருக்கும் கல்சுவர்தான் கலுங்கு. அதன் மேல் வரிசையாகப் பதினாறு கற்கள் நட்டிருக்கும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பிடித்தபடி கடக்க வேண்டும். தண்ணீர் முழங்கால் அளவுதான். என் அப்பா கடந்திருக்கிறார், பயப்பட வேண்டாம்.” டம்ளர் என் கையிலிருந்து நழுவி மடியெல்லாம் காபி. உன் அம்மா சுட்டுவிட்டதென்று நினைத்துத் துண்டை எடுக்க ஓடினாள். சூடு எனக்கு உறைக்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சும்மா அளந்துவிட்ட பேச்சு, எட்டு உயிர்கள் நடக்கப்போகிற வழியாக அச்சடித்து என் முன்னால் கிடந்தது.

திங்கட்கிழமை உனக்குப் போன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கிறதா? “தாயி, அந்தக் கலுங்குப் பக்கம் மட்டும் போக வேண்டாம்” என்றேன். நீ சிரித்தாய். “அப்பா, நீங்க தாண்டுன எடம்தானேப்பா. நீங்க வாடகை சைக்கிள்ல செருப்பில்லாமத் தாண்டியிருக்கீங்க. நான் கயிறு கொண்டு வாரேன், ஹெல்மெட் இருக்கு. பயப்படாதீங்க” என்றாய். மழை பெய்கிறதே என்றேன். “மறுகால் பாயணும்னுதானப்பா ஐப்பசி முடியட்டும்னு காத்திருந்தேன்” என்றாய். நான் எதைச் சொல்லி மறித்தாலும் என் கதையே குறுக்கே வந்து நின்றது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அந்தக் கதையை உடைக்காமல் உன்னைத் தடுக்க முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் தீபாவளிக்கு மில் மூன்று நாள் லீவு. சுப்பராஜாவும் நானும் ஒரே ஷிப்ட். அவனிடம் சொந்த சைக்கிள் இருந்தது. எனக்கு வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தோம். மலையை ஒட்டியே கரை கரையாகப் போக வேண்டும், ரோட்டையே மிதிக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் பேசி வைத்திருந்தோம். கிளம்ப வேண்டிய அன்று விடியும்போதே தூறல். அவன் வாசலில் நின்று மூன்று தடவை பெல் அடித்தான். நான் போர்வைக்குள் கிடந்தேன். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடிவாரத்தில் யானை இறங்கும், கரையில் பாம்பு கிடக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னது மனசுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. பயம் சுகந்தி, வெறும் பயம். அவன் தனியாகப் போனான். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து, மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து அவ்வளவையும் சொன்னான். பதினாறு கல், முழங்கால் தண்ணீர், அக்கரையில் கெண்டை மீன் சுட்டுக் கொடுத்த ஆள், தென்னந்தோப்பில் படுத்துத் தூங்கியது, எல்லாமே அவன் சொன்னதுதான். நான் செய்த வேலை, ‘போனேன்’ என்பதைப் ‘போனோம்’ என்று மாற்றியது மட்டும்.

முதலில் இதை யாரிடம் சொன்னேன் தெரியுமா? உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில். மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கிறாரே என்று யாரோ கேலி பண்ணினார்கள். வாயைத் திறந்தேன், இது வந்து விழுந்தது. கதவுக்குப் பின்னால் இருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? உனக்குச் சோறு ஊட்டும்போது சொன்னேன். கரண்ட் போன நேரத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்தத் தண்ணீர் காலில் படுகிற மாதிரி ஆகிவிட்டது. பொய்யை நாலு தடவை சொன்னால் கேட்கிறவன் நம்புவான், நாற்பது தடவை சொன்னால் சொல்கிறவனே நம்பிவிடுவான் போல.

இதைவிட எனக்கு வெட்கமான ஒன்று இருக்கிறது. பிளஸ் ஒன்னில் உனக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். நீ வந்து நின்று கேட்ட முதல் கேள்வி, “அப்பா, செண்பகத்தோப்பு வரைக்கும் போயிட்டு வரட்டுமா?” பொட்டப்பிள்ளைக்கு எதற்கு அந்த வேலை என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். சமாதானப்படுத்த நான் என்ன செய்தேன்? இந்தக் கதையைத்தான் இன்னொரு தடவை சொன்னேன். நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாய். போகத் துணிந்த பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, போகாத நான் போனதாக அளந்திருக்கிறேன். என்னை நீ மன்னிக்க வேண்டாம். இதை நீ தெரிந்துகொண்டால் போதும்.

சுப்பராஜா மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு புதுவீட்டு விசேஷத்தில், பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, நீங்களும் எங்கப்பாவும் கலுங்கு தாண்டுனீங்கள்ல?” என்று ஆரம்பித்து முழுக் கதையையும் அவனுக்கே சொன்னாய். அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. “கல்லு எத்தனைன்னு சொன்னாரு தாயி?” என்று உன்னிடம் கேட்டான். நீ பதினாறு என்றாய். “ஆமா, உங்கப்பா பெரிய தைரியசாலி” என்று சொல்லிவிட்டுப் பாயசம் வருவதற்கு முன்னாலேயே எழுந்து போனான். அதற்குப் பிறகு வரவில்லை. அவன் கதையை நான் திருடியதுதான் காரணம் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ரிட்டயரானதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டான். பதினோரு கிலோமீட்டர் தூரம்தான். நான் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். கையை வீசிக்கொண்டு போகக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம். கதவைத் திறந்தவன், “ஏமிரா” என்றான். ‘என்னடா’ என்பதற்கு அவன் வீட்டில் பேசுகிற தெலுங்கு, பிரியமானவர்களிடம் மட்டும் அவனுக்கு வரும். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் திட்டத்தைக் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் பிறகு, முதலில் கலுங்கைப் பற்றிச் சொல் என்றேன். தண்ணீர் முழங்கால்தானா, கல் வழுக்குமா, எந்தப் பக்கம் இறங்குவது, தாண்டியவன் நீ ஒருவன்தான் என்றேன். அவன் அந்தப் பக்கத்தைப் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடியும் படித்தான். பிறகு, “நான் தாண்டலைடா” என்றான்.

என்னடா சொல்கிறாய் என்றேன். “கலுங்கு வரைக்கும் போனேன். தண்ணி பாயுற சத்தத்தைக் கேட்டதும் காலு வரலை. மத்தியானம் வரைக்கும் கரையிலயே உக்காந்திருந்தேன். பொறவு திரும்பிட்டேன். மிச்ச நாளெல்லாம் இந்த ஊர்லதான் எங்க சின்னம்மா வீட்டுல பலகாரம் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். தோப்பும் இல்லை, கெண்டையும் இல்லை. கல்லைக்கூட எண்ணலைடா. வாய்க்கு வந்த கணக்கு அது” என்றான். ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்று கத்திவிட்டேன். யார் யாரைக் கேட்பது பார். அவன் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து பார்த்தாள். “காய்ச்சல்னு படுத்துக்கிட்டவன் முன்னாடி, நானும் பயந்து திரும்பிட்டேன்னு எப்படிடா சொல்லுவேன்? உன் வயிறு எரியணும்னுதான் அம்புட்டும் சொன்னேன். நீ அதைப் பிள்ளைக்குச் சொல்லுவேன்னு கண்டேனா? அது பந்தியில உக்காந்து பதினாறுன்னு சொன்னதும் எந்திரிச்சு ஓடிட்டேன். அதுக்குப் பொறவு அந்தப் பிள்ளை மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்றான்.

நன்றாகக் கேட்டுக்கொள் சுகந்தி. அந்த வழியில் நானும் போகவில்லை, அவனும் போகவில்லை. நீ எட்டுப் பேரை நடத்தப்போகிற பாதையை, போகாத ஒருவன் இன்னொரு போகாதவனுக்குச் சொல்லியிருக்கிறான். வாழைப்பழத்தை யாரும் தொடவில்லை.

புதன்கிழமை காலை அவனுடைய மொபெட்டில் கிளம்பினோம். அவன் ஓட்ட, நான் பின்னால் குடையோடு. கூமாப்பட்டிக்கு இந்தப் பக்கமே அந்தக் கண்மாய் இருக்கிறது. மண்கரையில் மொபெட் ஏறவில்லை, நிறுத்திவிட்டு நடந்தோம். அழகைப் பற்றி நீ எழுதியிருந்ததில் ஒரு குறையும் இல்லை. மலை மேலே மேகம் இறங்கிக் கிடந்தது, கண்மாய் கரை தொட்டு நிறைந்திருந்தது, கொக்கும் நாரையுமாக வெள்ளை வெள்ளையாக நின்றன. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவை பார்க்கிறேன், பொய்யிலேயே எத்தனையோ தடவை பார்த்த இடத்தை. செத்த நேரம் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. பிறகு சத்தம் கேட்டது. சுப்பராஜா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

கல் ஒன்பதுதான் இருக்கிறது. இந்தக் கடைசியில் ஐந்து, அந்தக் கடைசியில் நாலு. நடுவில் இருந்தவை என்றைக்கோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டன. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத அந்த இடத்தில்தான் தண்ணீர் மொத்தமும் பாய்கிறது. கீழே தளம் உடைந்து பள்ளம். எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு காய்ந்த தென்னை மட்டையைத் தூக்கிப் போட்டேன். அது பள்ளத்தில் போய் நட்டுக்குத்தலாக நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, உள்ளே போனது. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். அது வெளியே வரவே இல்லை. ஓரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஆள் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ஏ பெரியவரே, அங்கிட்டு எறங்கிராதிய! போன மழைக்கு எருமை மாட்டையே உருட்டிட்டுப் போயிருச்சு.” நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து கல்லைத் தாண்டி, ஆறாவது கல்லுக்குக் கையை நீட்டுகிற உன்னை என் கண் பார்த்துவிட்டது. இதை எழுதும்போதும் பார்க்கிறது.

திரும்பும்போது சுப்பராஜா சொன்னான். “நல்ல வேளைடா, அன்னைக்கு நீ வரலை. வந்திருந்தா ரெண்டு பேரும் வீம்புக்கு எறங்கியிருப்போம்.” அவன் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்காதே. என் பயத்துக்கு நல்ல பேர் வாங்கிக்கொள்ள இதை எழுதவில்லை. எட்டுப் பேர் உன்னோடு வருகிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன். தனியாக வந்தவன் பயந்தால் திரும்பிவிடுவான், பார்க்க ஆள் இல்லை. கூட்டமாக வந்தால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதிலும் கூட்டி வந்தவளின் அப்பாவே தாண்டியது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வழி போடுகிறவர்கள் முதலில் திரும்பி வருகிற வழியைப் போட வேண்டும். இந்த இடத்தில் வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேலி பண்ணக் கூடாதென்று கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்கு அதைச் சொல்ல வாய் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இன்னொன்று. வரைபடத்தில் கோடு தெரிகிறது, போனில் செயற்கைக்கோள் படம் தெரிகிறது, அதனால் வழி இருக்கிறது என்று நம்பாதே. அந்தப் படம் கோடையில் எடுத்ததாக இருந்தால் கலுங்கு வெறும் கல்லாகத்தான் தெரியும். கண்மாயைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மடை திறந்துவிடுகிற ஆளைக் கேள், அன்றைக்குக் காலையில் கேள். காட்டைப் பற்றி என்றால் பாரஸ்ட் ஆபீஸில் கேள். நாங்கள் வருகிற வழியில் செண்பகத்தோப்பு செக்போஸ்ட்டில் இறங்கிக் கேட்டோம். தோப்புகளில் யானை இறங்கிக்கொண்டிருக்கிறதாம், கூடாரம் போட விடமாட்டோம் என்றார்கள். என் கதையில் தோப்பில் படுத்துத் தூங்கியதை நம்பி நீ முதல் நாள் ராத்திரியைப் போட்டிருக்கிறாய். அதுவும் சின்னம்மா வீட்டுப் பலகாரம்தான். ஊருக்குள் லாட்ஜில் ரூம் போடு. அப்பாவைக் கேட்காதே என்று எழுத வந்தேன், எழுத மனசு வரவில்லை.

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் சொன்னேன். இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறவள் அவள்தான், எப்படியும் படிப்பாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “பொண்ணு பார்க்க வந்தப்ப சொன்னீங்களே, அதுவுமா?” என்றாள். ஆமாம் என்றேன். களைந்த அரிசியை மறுபடியும் மறுபடியும் களைந்தாள். “முதல்ல பிள்ளைக்குச் சொல்லுங்க. என் கணக்கைப் பொறவு பார்த்துக்கிடலாம்” என்றாள். இன்றைக்கு வரை வேறு எதுவும் பேசவில்லை. பேசுவாள் என்றுதான் இருக்கிறேன்.

நீ பயணத்தைக் கைவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மறுபடியும் அந்தப் பிளஸ் ஒன் சைக்கிளைப் பூட்டி வைத்தவனாகிவிடுவேன். போ. நேற்று அந்தத் தண்ணீரையும் மலையையும் பார்த்த பிறகு, போகாதே என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அந்த எட்டுப் பேரிடமும் உண்மையைச் சொல்லிவிடு. எங்கப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்றே சொல், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் சிரிக்கட்டும். உனக்குக் கோபம் வரும். அழுகையும் வரலாம். சின்ன வயதிலிருந்து பத்திரமாக வைத்திருந்த ஒன்றை உன் கையிலிருந்து நான் பிடுங்குகிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அது உன் கையில் இருப்பதைவிட நீ எங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்று காலை சுப்பராஜாவும் நானும் மறுபடியும் போனோம். கலுங்குக்கு முன்னாலேயே மடைப் பக்கம் கரையிலிருந்து ஒரு வண்டிப்பாதை இறங்கி, வயல் வழியாகத் தார் ரோட்டில் சேர்கிறது. அதில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் கூமாப்பட்டி வரை போய், அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டு இடத்தில் சகதி, ஒரு இடத்தில் முள். நாளை சாயங்காலம் நீ வரும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, பையைக்கூடக் கொடுக்காதே. இரண்டாம் நாள் வழியை மட்டும் கேட்டுக்கொள். இந்தத் தடவை நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா